கைபேசிச் சேவைகளும் திறந்த தரநிலைகளும்: மூஞ்சிக்கல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் 2006 முதல் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, விண்ணப்பம் அனுப்புவது, ரீசார்ஜ் செய்வது, கைபேசியில் எது சிக்கினாலும் பார்த்துக் கொடுப்பது என்று எல்லா வேலையும் உண்டு. மேல்மலைக் கிராமங்களின் விவசாயிகள், வீட்டில் அறை ஒதுக்கிச் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைப்பவர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். கடந்த ஓராண்டாக அவர்கள் ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்: எந்தச் சேவையை நம்பலாம், எதை நம்பினால் மாட்டிக்கொள்வோம்? வாடிக்கையாளர் நெரிசலில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு எப்படித் தொடங்கியது?

பூம்பாறைப் பக்கம் பூண்டு பயிரிடுகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகு வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றுவதோடு நிற்காமல், கேட்பவர்களுக்கு நேரடியாக இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்றும் அனுப்பத் தொடங்கினார்கள். ஆர்டர் வருவது, விலை சொல்வது, முகவரி வாங்குவது எல்லாம் ஓர் அரட்டைச் செயலியில்தான் நடந்தது.

ஒருநாள் காலையில் குழுவின் கணக்கைப் பார்த்துவந்த பெரியவர் கடைக்கு வந்து கைபேசியை மேசைமேல் வைத்தார். இந்தக் கணக்கு இனி செயலியைப் பயன்படுத்த முடியாது என்று திரையில் ஒற்றை வரி இருந்தது. மூன்று ஆண்டு வாடிக்கையாளர்களின் முகவரி, யார் யார் பாக்கி, விதைப்பூண்டு கேட்டு முன்பணம் போட்டவர்கள் பெயர் எல்லாம் அந்த வரிக்குப் பின்னால் போய்விட்டன. மூன்று முறை முறையீடு எழுதினோம். மூன்று முறையும் எழுத்து மாறாமல் அதே பதில் வந்தது. ஒரே விலைப்பட்டியலைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பியதால் இயந்திரம் சந்தேகப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். காரணத்தைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

"எண் என்னுடையதுதானே தம்பி?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எண் அவருடையதுதான். சிம் வேலை செய்தது, அழைப்புகளும் வந்தன. அந்த எண்ணை வைத்துத் திறந்த கணக்கு மட்டும் நிறுவனத்துடையது. இந்த வேறுபாட்டை அவருக்கு முன்பே சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

திறந்த தரநிலை என்றால் என்ன?

இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் அதன்படி கருவியோ மென்பொருளோ செய்துகொள்ளலாம் என்று விட்டால் அது திறந்த தரநிலை.

நம் ஊர் எடுத்துக்காட்டு கொடைக்கானல் பண்பலை. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அதைக் கேட்க வானொலி நிலையத்தார் விற்கும் பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. தாத்தா காலத்துப் பெட்டி, காரில் இருப்பது, கடைத்தெருவில் வாங்கிய சீனப் பெட்டி எல்லாவற்றிலும் ஒரே பாட்டு கேட்கிறது. நிலையம் எப்படி அனுப்பும், பெட்டி எப்படி வாங்கும் என்பது பொதுவில் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பெட்டியில் கேட்கிறீர்கள் என்பது நிலையத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தொலைபேசியும் அப்படித்தான். ஒரு நிறுவனத்தின் சிம்மிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் சிம்முக்குப் பேசுகிறோம், நாடு விட்டு நாடு பேசுகிறோம். இந்த வழக்கத்தின் வேர் தந்தி காலத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு நாட்டின் தந்தியை எல்லையில் எழுதி வாங்கி, அடுத்த நாட்டுக் கம்பியில் மறுபடி அடித்து அனுப்பிய காலம் உண்டு. அந்தத் தொல்லை தீர 1865இல் பாரிஸில் கூடிப் பன்னாட்டுத் தந்தி ஒன்றியத்தை அமைத்தார்கள். இன்றைய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதன் தொடர்ச்சிதான்.

தனியுடைமைச் சேவை என்றால்?

விதியும் கருவியும் வாசலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது. வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்குச் செய்தி அனுப்ப முடியாது. உங்கள் தம்பி ஒன்றிலும் நீங்கள் இன்னொன்றிலும் இருந்தால், யாராவது ஒருவர் மற்றவர் இருக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும்.

எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கேள்வி போதும். வேறு நிறுவனத்தின் சேவையில் இருப்பவரோடு இதிலிருந்து பேச முடிகிறதா? நாளைக்கு நிறுவனத்தை மாற்றினால் என் எண்ணோ முகவரியோ தொடர்புகளோ என்னோடு வருமா?

கைபேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. அதற்கு முன்பு சிக்னல் கிடைக்காவிட்டாலும், கட்டணம் கூடினாலும், எண் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். மன்னவனூரில் எந்த நிறுவனத்தின் கோபுரம் எடுக்கிறதோ அதற்கு மாறிக்கொள்ளும் வசதி அதன்பிறகுதான் வந்தது.

எல்லோரும் ஒரே செயலியில்தான் இருக்கிறோம். இலவசம்தான். பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

நானும் அதைப் பயன்படுத்துகிறேன். கடைக்கு வரும் பாதி வேலை வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். அது ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு நினைவிருக்கிறதா? நம் நேரப்படி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க வரவில்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை அந்த நிறுவனத்தின் சர்வர்களை, அதாவது செய்திகளை வாங்கி அனுப்பும் மையக் கணினிகளை, இணையத்திலிருந்தே துண்டித்துவிட்டது. மின்னஞ்சலில் இப்படி உலகமே ஒரே நேரத்தில் நிற்பதற்கு வழி இல்லை. ஒரு நிறுவனத்தின் சர்வர் விழுந்தால் அதன் வாடிக்கையாளர்களுக்குத்தான் நிற்கும், மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய நிறுவனம் சேவையை மூடிவிடுமா என்ன?

மூடியிருக்கிறார்கள். ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018இல், பிளாக்பெர்ரி மெசஞ்சரின் பொதுச் சேவை 2019இல், நம் நாட்டு அரட்டைச் செயலி ஹைக் 2021இல், ஸ்கைப் 2025 மே மாதம். என் கடையில் முதல் நான்கு ஆண்டுகள் பிள்ளைகள் மணிக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்தது ஆர்க்குட் பார்க்கத்தான். அதில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது இன்று எங்கும் இல்லை.

ஜிமெயிலும் ஒரு நிறுவனத்துடையதுதானே? மின்னஞ்சலை மட்டும் ஏன் திறந்தது என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மின்னஞ்சல் என்பது ஒரு நடைமுறை. ஜிமெயில் அந்த நடைமுறைப்படி இயங்கும் கடைகளில் ஒன்று. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் அஞ்சலை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி எஸ்எம்டிபி என்ற பெயரில் 1982இல் வெளியானது. பொது ஆவணம், இன்றும் யாரும் எடுத்துப் படிக்கலாம். அதன்படி நடக்கும் எந்தச் சர்வரும் எந்தச் சர்வருக்கும் அஞ்சல் கொடுக்கும். கூகுளிடம் கணக்கு வைத்திருப்பவர் ஸோஹோவில் இருப்பவருக்கு எழுதுகிறார். இருவரில் யாரும் எதுவும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் முகவரியின் பின்பாதி, அதாவது @ குறிக்குப் பின்னால் வருவது, நிறுவனத்தின் பெயராக இருக்கும்வரை, அந்த முகவரியை அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதற்கு வழி சொந்த இணையப் பெயர் ஒன்றைப் பதிவு செய்வது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். முகவரியின் பின்பாதி உங்கள் விடுதியின் பெயராகவோ குழுவின் பெயராகவோ இருக்கும். அஞ்சலைப் பெற்றுவைக்கும் வேலையை எந்த நிறுவனத்திடமும் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றலாம். முகவரி மாறாது, வாடிக்கையாளருக்கு மாறியதே தெரியாது. ஆண்டுதோறும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும், அதுதான் இதிலுள்ள ஒரே கவனம். வில்பட்டியில் வீட்டு விடுதி நடத்தும் ஓர் அக்கா இதைச் செய்து கடைக்கு வந்து காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறக்க முடியாது. தன் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டியதுபோல் இருக்கிறது என்றார்.

எஸ்எம்எஸ் பழசாகிவிட்டதே, இன்னும் எதற்கு?

1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரு கணினியிலிருந்து கைபேசிக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போனது முதல் எஸ்எம்எஸ். இன்றும் எந்தக் கைபேசியிலும், பொத்தான் வைத்த சின்னக் கைபேசியிலும் வேலை செய்கிறது. கூக்கால் பக்கம் இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும் இடத்திலும் ஒரு கோடு சிக்னல் இருந்தால் பெரும்பாலும் போய்ச் சேர்கிறது. எதிரே உள்ளவர் கைபேசி அணைந்திருந்தால் மையத்தில் காத்திருந்து பிறகு சேர்கிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் ஓர் எழுத்துகூட வந்துவிட்டால் அந்தச் செய்திக்கு 70 இடம்தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு இல்லை. 'பூண்டு' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ப, ஊகாரக் கொம்பு, ண, புள்ளி, ட, உகாரக் கொம்பு என்று ஆறு. விலைப்பட்டியலைத் தமிழில் அனுப்பினால் அது மூன்று நான்கு செய்தியாகப் பிரிந்து போவது இதனால்தான். எஸ்எம்எஸ் விதியை எழுதியபோது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் நம் மொழிக்காரர் இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வருகிறது.

நான் 2002இல் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு இப்போது ஏன் திறக்கவில்லை?

திறக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. இது எனக்கு மிக நெருக்கமான கேள்வி.

தாண்டிக்குடியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு குறுந்தகடு கொண்டுவந்தார். ஊர்க் கோயில் திருப்பணி மலருக்காக அவர் எழுதிய நாற்பது பக்கம். ஊர் முதியவர்களைத் தேடித் தேடிக் கேட்டு எழுதியது, அவர்களில் பலர் இப்போது இல்லை. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் ஒற்றைக் கொம்புமாக நாற்பது பக்கம் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி உட்கார வைத்தது. அதே எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். இல்லாவிட்டால் குப்பை. இதைச் சரிசெய்ய உலகத் தமிழர்கள் இணையத்தில் கூடி எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்று வகுக்கும் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீடு யூனிகோடு. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அது நம் மேசைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும், அதனுடன் டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றுக்கொண்டது.

இன்று நீங்கள் எந்தக் கைபேசியில் தமிழ் எழுதினாலும் எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரிகிறதே, அந்த வசதி யூனிகோடு என்ற பொதுவிதி தந்தது. அதற்கு முன்பு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் திறந்த தரநிலை எதற்கு என்று விளக்கவே வேண்டாம்.

ஆசிரியரின் கோப்புக்கு வருகிறேன். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு, விட்டுப்போன எழுத்துகளை அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் திருத்தினேன். நான்கு நாள் ஆயிற்று. நாற்பது பக்கமும் மீண்டுவிட்டன.

யுபிஐயும் திறந்த தரநிலையா?

முழு அர்த்தத்தில் இல்லை. என்பிசிஐ எனப்படும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் என்ற ஒரே அமைப்பு நடத்துகிறது, விதியும் அதனுடையது. ஆனால் 2016இல் அது வந்தபிறகு, எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பணம் போகிறது. ஏரிச்சாலையில் சோளம் சுட்டு விற்கும் அம்மா ஒரே ஒரு கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். வாங்குகிறவர் எந்தச் செயலியைத் திறக்கிறார் என்று அவர் பார்ப்பதே இல்லை. அதற்கு முந்தைய பணப்பைச் செயலிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகாது. பணத்துக்கு வந்த இந்த வசதி நம் பேச்சுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நிறுவனங்கள் ஏன் ஒன்றோடொன்று பேச மறுக்கின்றன? தொழில்நுட்பச் சிக்கலா?

சிக்கல் உண்டு, ஆனால் தீர்க்கக்கூடியது. பெரிய காரணம் வியாபாரம். வெளியே போனால் உறவினர்களையும் வாடிக்கையாளர்களையும் இழப்போம் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வெளியே போக மாட்டார்கள்.

கூகுள் டாக் என்ற அரட்டைச் சேவை 2005இல் வந்தபோது எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில், அதாவது அரட்டைக்கான பொதுவிதியில்தான் இயங்கியது. 2006 முதல் வேறு சர்வரில் இருப்பவரோடும் பேச முடிந்தது. 2013இல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்ததும் அந்த வாசலை அடைக்கத் தொடங்கினார்கள். திறந்த விதியில் தொடங்குவதால் மட்டும் அது திறந்தே இருக்கும் என்று நம்ப முடியாது என்பதற்கு இது சாட்சி.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தையே கையில் எடுத்தது. எண்ணிமச் (டிஜிட்டல்) சந்தைகள் சட்டத்தின்படி, மற்றச் சேவைகள் கேட்டால் அவற்றோடு செய்தி பரிமாற வழி செய்யும் கடமை 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப்புக்கு அங்கே உண்டு. நமக்கு அது பொருந்தாது. அப்படி ஒரு சட்டம் இங்கும் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

திறந்தது என்றால் பாதுகாப்பானது என்று அர்த்தமா?

இல்லை. இதில் யாரும் ஏமாற வேண்டாம். எஸ்எம்எஸ் திறந்த தரநிலை, ஆனால் உள்ளடக்கம் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கப்படுவதில்லை. சாதாரண மின்னஞ்சலும் அப்படியே. வாட்ஸ்அப்போ தனியுடைமை, ஆனால் 2016 முதல் எல்லாச் செய்திகளையும் முனைக்கு முனை பூட்டித்தான் அனுப்புகிறது. அந்தப் பூட்டின் முறை சிக்னல் என்ற செயலியை உருவாக்கியவர்களிடமிருந்து வந்தது, முறை பொதுவில் வெளியிடப்பட்டது. வங்கி விவரத்தை மின்னஞ்சலில் எழுதுவதைவிட வாட்ஸ்அப்பில் எழுதுவது மேல். இரண்டிலும் எழுதாமல் இருப்பது அதைவிட மேல்.

மின்னஞ்சலில் குப்பை அஞ்சல் குவிவதும் வாசல் திறந்திருப்பதன் விலைதான்.

அரட்டைக்குத் திறந்த வழி ஏதாவது உண்டா?

உண்டு. எக்ஸ்எம்பிபி 1999 முதல் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் என்ற செயலி நன்றாக இயங்குகிறது. 2014இல் தொடங்கிய மேட்ரிக்ஸ் இன்னொரு திறந்த நெறிமுறை. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக 2019இல் கொண்டுவந்த சாப் என்ற செயலி மேட்ரிக்ஸின் மேல்தான் கட்டப்பட்டது. மின்னஞ்சல் வழியாகவே அரட்டைபோல் பேசவைக்கும் டெல்டா சாட்டும் இருக்கிறது.

சிக்னல் செயலியின் நிரல் திறந்தது, யாரும் எடுத்துப் படிக்கலாம், நம்பகமானது. ஆனால் அதுவும் ஒரே அமைப்பின் சர்வர், வேறு சர்வரோடு பேசாது. உங்கள் வீட்டில் நான்கு பேரை இவற்றில் ஒன்றுக்குக் கொண்டுவருவதே பெரிய வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இவற்றுக்கு வந்திருப்பது நானும் என் மகளும் மட்டும்தான்.

புயல் மழையில் எதை நம்புவது?

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையையும் தொட்டுப் போனபோது மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டது, மின்சாரம் நின்றது. அப்போது செயலி எதுவும் உதவவில்லை. பேட்டரி வானொலி ஒன்று, முக்கியமான எண்கள் எழுதிய தாள் ஒன்று. இரண்டையும் வீட்டில் வையுங்கள். உறவினர் எண்ணைத் தாளில் எழுதியிருந்தால் யாருடைய கைபேசியிலிருந்தும் அழைக்கலாம்.

கோப்புகளை நீண்டகாலம் வைத்திருக்க எந்த வடிவில் சேமிப்பது?

இறுதி ஆவணம் என்றால் பிடிஎஃப். அடோபி நிறுவனம் 1993இல் தொடங்கியது, 2008 முதல் அது பன்னாட்டுத் தரநிலை. படம் என்றால் ஜேபெக். திருத்த வேண்டியது என்றால் லிப்ரே ஆபிஸ் சேமிக்கும் ஓடிஎஃப். எழுத்து எப்போதும் யூனிகோடில்.

நீண்டகாலம் என்றால் எவ்வளவு காலம் என்று ஒரு மாணவி கேட்டாள். நம் ஊர்ச் சூரிய ஆய்வகத்தைக் காட்டினேன். அங்கே 1904 முதல் சூரியனைப் படமெடுத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகளில் எடுத்தவை இன்றும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகின்றன. அவற்றை எண்ணிமப் படுத்தியவர்கள், வானியலாளர்கள் 1981 முதல் பொதுவில் பயன்படுத்தும் ஃபிட்ஸ் என்ற திறந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அந்தத் தகடுகளை எடுத்தவர்கள் யாரும் இன்று இல்லை, ஆனால் அவர்கள் பார்த்த சூரியப் புள்ளிகளை இந்தப் பெண் தன் கைபேசியில் பார்க்க முடிகிறது.

சரி, நான் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் தொடர்புகளை வெளியே எடுங்கள். கைபேசியின் தொடர்புப் பட்டியலில் ஏற்றுமதி என்று இருக்கும். அது விகார்டு என்ற பொது வடிவில் ஒரே கோப்பாக வரும், எந்தக் கைபேசியிலும் ஏறும். அதை உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். வியாபார உரையாடல்களையும் மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து வையுங்கள். அதைப் படிக்கத்தான் முடியும், தொடர முடியாது, ஆனாலும் முகவரியாவது மிஞ்சும். வாடிக்கையாளர் பெயர், ஊர், எண், பாக்கி நான்கையும் ஒரு நோட்டிலோ அட்டவணைக் கோப்பிலோ தனியாக எழுதுங்கள். விளம்பர அட்டையில் செயலியின் பெயரை மட்டும் போடாமல் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துப் போடுங்கள். இவ்வளவுக்கும் ஒரு மதியம் போதும். கடைக்கு வந்தால் நானே செய்து தருகிறேன், பணம் வேண்டாம்.

அந்தப் பூண்டுக் குழு என்ன ஆயிற்று?

கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. கூரியர் ரசீதுக் கட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் வைத்துக்கொண்டு பெரியவரும் அவர் பேத்தியும் என் கடையில் உட்கார்ந்து எண்களைத் தேடி எடுத்தார்கள். இருநூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் கிடைத்தார்கள். மற்றவர்கள் தாங்களாகவே அழைத்தால்தான் உண்டு. இப்போது குழுவுக்குச் சொந்தமாக ஓர் இணையப் பெயரும் மின்னஞ்சலும் இருக்கின்றன. வேறு எண்ணில் அதே செயலியையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பூண்டுக் கட்டோடும் ஒரு சிறு அட்டை போகிறது. அதில் குழுவின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி மூன்றும் தமிழில் அச்சாகியிருக்கின்றன. போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒருவர் அந்த முகவரிக்கு விதைப்பூண்டு கேட்டு எழுதியிருந்தார். முன்பணம் போட்டுக் காணாமல் போன பட்டியலில் இருந்தவர். அதைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூம்பாறை பஸ்ஸுக்குப் போனார் பெரியவர்.